தேம்ஸை விடுங்க, மேல்தொட்டியைப் பாருங்க



இந்த வார எபிசோடுக்கு வந்த கேள்விகளில் ஒன்று மட்டும் வேற வேற வார்த்தைகளில் பல பேரிடமிருந்து வந்திருந்தது. "லண்டன்ல வருஷம் பூரா மழை. ஊருக்கு நடுவுல தேம்ஸ் ஓடுது. அப்புறம் ஏன் இங்கே தண்ணியிலேருந்து கரண்ட் எடுக்க மாட்டேங்கிறாங்க?" ஆடியோவில் இதை ரெண்டு நிமிஷத்தில் தாண்டிப் போனோம். ஆனா நீர்மின்சாரத்தைப் பற்றி நான் ரொம்ப நாளா சொல்ல நினைக்கிற விஷயம் இந்தக் கேள்விக்குள்ளேதான் இருக்கு. அதனால இந்த மடல் கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கிட்டு வாங்க.

முதல்ல மழை. லண்டனில் ஆண்டு மழை சுமார் 600 மில்லிமீட்டர்தான். சென்னையில் சுமார் 1,400. இங்கே தூறிக்கிட்டே இருக்கும், கொட்டாது. ஆனா மழை இங்கே பிரச்சினையே இல்லை. உயரம்தான் பிரச்சினை. ஒரு கனமீட்டர் தண்ணீர், அதாவது ஆயிரம் லிட்டர், நொடிக்கு ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்துக்கிட்டே இருந்தா 9.81 கிலோவாட் கிடைக்கும். பள்ளிக்கூட இயற்பியல் அவ்வளவுதான். கடல் அலை ஏறிவரும் பகுதிக்கு மேலே தேம்ஸின் கடைசித் தடுப்பணை டெடிங்டனில் இருக்கு. அங்கே நொடிக்குத் தோராயமா 65 கனமீட்டர் ஓட்டம், ரெண்டு மீட்டர் உயரம்னு வெச்சுக்குவோம். 9.81 × 65 × 2, மொத்தம் 1,275 கிலோவாட். அதுவும் ஒரு சொட்டு வீணாகாம, படகுக்கும் மீனுக்கும் எதுவும் விடாம எடுத்தா. வட கடலில் டாகர் பேங்கில் நிற்கிற ஒரே ஒரு காற்றாலை 13 மெகாவாட். லண்டனுக்கு வருகிற முழு ஆற்றையும் மடக்கினாலும் அந்த ஒரு காற்றாலையில் பத்தில் ஒரு பங்குதான் தேறும்.

இதையே நீலகிரியில் போட்டுப் பாருங்க. 1932-ல் ஓடத் தொடங்கிய பைக்காரா மின்நிலையத்தில் தண்ணீர் 900 மீட்டருக்கு மேல் விழுகிறது. தேம்ஸில் நொடிக்கு அஞ்சு தண்ணி லாரி கொட்டி எடுக்கிற அதே 1,275 கிலோவாட்டை அங்கே நொடிக்கு 145 லிட்டரில் எடுத்திடலாம். பத்துப் பன்னிரண்டு குடம்! கோயம்புத்தூர் ஆலைகள் அந்தத் தண்ணீரில்தான் வளர்ந்தன.

தேம்ஸில் எதுவுமே இல்லைன்னு சொல்ல வரலை. விண்ட்சர் கோட்டைக்குப் பக்கத்தில் ராம்னி தடுப்பணையில் ரெண்டு ஆர்க்கிமிடீஸ் திருகுகள் சுத்துது. அரண்மனைக்கே அந்தக் கரண்ட்தான் போகுது. ரெடிங்கில் கேவர்ஷம் தடுப்பணையில் ஊர்க்காரங்களே பங்கு போட்டு 2021-ல் ரெண்டு திருகு வெச்சாங்க. மொத்தம் 46 கிலோவாட். டெடிங்டனிலேயே ஹாம் ஹைட்ரோன்னு ஒரு குழு மூணு திருகு வைக்கத் திட்டம் போட்டது. ஆற்றங்கரையில் இருந்த ஒரு கிளப் வழக்குக்குப் போக, 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. எனக்கு இந்தச் சின்னத் திட்டங்கள் மேல் ஆசைதான். பங்கு வாங்கச் சொன்னா நாளைக்கே வாங்குவேன். ஆனா நாட்டின் மின்சாரத்துக்கு இதுதான் பதில்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

இன்னொரு சின்ன விஷயம், கேட்டா ஆச்சரியப்படுவீங்க. பொதுமக்களுக்கு மின்சாரம் விற்ற முதல் ஊர்னு உலகத்தில் பொதுவா சொல்லப்படுவது லண்டனுக்குத் தென்மேற்கே இருக்கிற காடல்மிங். 1881. தேம்ஸில் போய்ச் சேருகிற வே ஆற்றில், ஒரு தோல் ஆலையின் தண்ணீர்ச் சக்கரத்தில் டைனமோவை மாட்டினாங்க. தெருவைத் தோண்ட வழியில்லாம ஒயரைச் சாக்கடை ஓரமா இழுத்துட்டுப் போனாங்க! ஆற்றில் தண்ணீர் ஏறினா சக்கரம் ஒழுங்கா சுத்தலை, நீராவி எஞ்சினுக்கு மாறினாங்க, 1884-ல் மொத்தத்தையும் மூடிட்டாங்க. ஓடுகிற தண்ணீரை மட்டும் நம்பினா, அது ஓடுகிற நேரத்துக்குத்தான் நாம எரிய விடணும். அந்தப் பிரச்சினை 1881-லேயே தெரிஞ்சு போச்சு.

இப்ப நான் சொல்ல வந்தது. நீர்மின்சாரத்தை இத்தனை யூனிட், இத்தனை மெகாவாட்னு எடை போடுவதை நாம நிறுத்தணும். காற்றும் வெயிலும் இவ்வளவு மலிவான பிறகு, யூனிட் உற்பத்திக்குத் தண்ணீரைத் தேட வேண்டிய தேவை குறைஞ்சிருச்சு. தண்ணீரால் இப்போ முடியக்கூடிய பெரிய வேலை, ஒரு நேரத்து மின்சாரத்தை இன்னொரு நேரத்துக்கு எடுத்துட்டுப் போறது.

நம்ம வீட்டு மேல்தொட்டிதான் உதாரணம். கரண்ட் இருக்கும்போது மோட்டாரைப் போட்டு மாடித் தொட்டியை நிரப்பி வைப்போம். கரண்ட் போனாலும் குழாயில் தண்ணி வரும். நீரேற்று புனல்மின் நிலையம் இதேதான். மேலே ஒரு ஏரி, கீழே ஒரு ஏரி, நடுவில் ஒரு குழாய். மின்சாரம் மிஞ்சுகிற நேரத்தில் கீழே இருக்கிற தண்ணீரை மேலே ஏற்றி வைப்பாங்க. தேவைப்படும்போது திறந்து விட்டா அதே எந்திரம் திருப்பிச் சுத்தி மின்சாரம் கொடுக்கும். நாலு யூனிட் செலவு பண்ணி ஏற்றினா மூணு யூனிட் திரும்பக் கிடைக்கும். ஒரு யூனிட் நஷ்டம். அந்த ஒரு யூனிட்தான் நேரம் மாற்றிக் கொடுக்கிற கூலி.

பிரிட்டனில் இப்படி நாலு நிலையம் இருக்கு. பெரியது வடக்கு வேல்ஸில் இருக்கிற டினோர்விக். யூஸ்டனில் ரயில் ஏறி பாங்கர் போய், அங்கிருந்து பஸ்ஸில் லான்பெரிஸ் போகணும். வருகையாளர் மையம் மூடுவதற்கு முந்தி ஒரு தடவை போயிருக்கேன். மலைக்குள்ளே பஸ்ஸோடு கூட்டிட்டுப் போவாங்க. அந்த மலை ஒரு பழைய சிலேட்டுக் கல் குவாரி. 1969-ல் குவாரி மூடிய பிறகு, 1974-ல் மலையைக் குடைய ஆரம்பிச்சு 1984-ல் திறந்தாங்க. உள்ளே 16 கிலோமீட்டர் சுரங்கம், ஆறு எந்திரம், மொத்தம் 1,728 மெகாவாட். மேல் ஏரி நிரம்பியிருந்தா 9.1 கிகாவாட்-மணி, அதாவது முழு வேகத்தில் அஞ்சு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். எந்திரத்தைக் காற்றில் வெறுமனே சுத்த விட்டுத் தயாரா வெச்சிருந்தா, பூஜ்யத்திலிருந்து 1,320 மெகாவாட்டுக்கு 12 நொடியில் வந்துடும். அந்தக் குகையில் நின்னப்போ எந்திரச் சத்தத்தை விட இந்த 12 நொடிதான் என்னைப் பிடிச்சுக்கிட்டது. ஒரு பெரிய அனல்மின் நிலையம் படுத்துக் கிடந்து எழுந்து வர மணிக்கணக்கா ஆகும்.

எதுக்கு அந்த 12 நொடி? 4 ஜூலை 1990. உலகக்கோப்பை அரையிறுதி, இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும். பெனால்ட்டி ஷூட்அவுட் முடிந்ததும் நாடே எழுந்து போய் கெட்டிலைப் போட்டது. ஒரேயடியா 2,800 மெகாவாட் தேவை எகிறியது. டினோர்விக், ஃபெஸ்டினியாக், குருவாக்கன், ஃபாயர்ஸ் நாலையும் கூட்டினா வருவதும் கிட்டத்தட்ட அதே 2,800. இதில் ஃபெஸ்டினியாக் 1963-லிருந்து ஓடுது. 1984-க்குப் பிறகு இந்த நாட்டில் இப்படி ஒன்றுகூடக் கட்டலை. நாற்பது வருஷம்!

இப்ப நம்ம ஊர். பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியா வால்பாறைக்குப் போகிற மலைப்பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவு. சின்ன வயசில் அந்த பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டிருக்கேன். மேல் ஆழியாறு அணை தெரியும், வரையாடு தெரியும், கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் வெள்ளித் தட்டு மாதிரி தெரியும். அந்த மலைக்குள்ளே ஒரு மின்நிலையம் இருக்குன்னு எனக்கு அப்போ தெரியாது. பாதையிலிருந்து பார்த்தா தெரியவும் தெரியாது. காடம்பாறை. மேலே காடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாறு நீர்த்தேக்கம், மலைக்குள் தலா 100 மெகாவாட்டில் நாலு எந்திரம். 1987-லிருந்து 1989-க்குள் ஓடத் தொடங்கியது. டினோர்விக்கை விட மூணு வயசு இளைய தம்பின்னு சொல்லலாம்.

தமிழ்நாட்டில் அதற்குப் பிறகும் புதுசா ஒன்று முழுசா வரலை. குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்றுத் திட்டம் பல தடவை தள்ளிப்போய் இன்னும் இழுத்துக்கிட்டு இருக்கு. இத்தனைக்கும் அதுக்குப் புது அணைகூட வேண்டாம். போர்த்திமந்து ஏற்கெனவே மேலே இருக்கு, அவலாஞ்சி–எமரால்டு ஏற்கெனவே கீழே இருக்கு. நடுவில் சுரங்கமும் எந்திரமும் வைக்கணும்.

இந்த ரெண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிற ஒற்றுமையை யோசிச்சுப் பாருங்க. ரெண்டு பேரும் இதே காலத்தில் காற்றாலையை நட்டுத் தள்ளினாங்க. ஆரல்வாய்மொழி, முப்பந்தல், பல்லடம், உடுமலைன்னு தமிழ்நாட்டில் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டைத் தாண்டியாச்சு. ஆடிக்காத்தில் அம்மியே பறக்கும்போது அதை வாங்கிக்க ஆளில்லைன்னு காற்றாலையை நிறுத்தச் சொல்லுவாங்க. அதே தமிழ்நாட்டில் 2012-ல் சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் கட். இங்கே பிரிட்டனில் ஸ்காட்லாந்துக் காற்று தெற்கே வர ஒயர் போதலை. அதனால காற்றாலையை நிறுத்தச் சொல்லிக் காசு கொடுக்கிறாங்க, தெற்கே எரிவாயு நிலையத்தை ஓட்டச் சொல்லி அதுக்கும் காசு கொடுக்கிறாங்க. வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான மில்லியன் பவுண்ட். என் பில்லிலும் உங்க பில்லிலும்தான் அது வருது.

அப்போ ஏன் கட்டலை? தொழில்நுட்பம் தெரியாமலா? 1963-லேயே தெரியும். இடம் இல்லையா? வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இடத்துக்குப் பஞ்சமில்லை. என் கருத்து, இது கணக்குப் பிள்ளையின் தோல்வி. 'நேரம்' என்கிற சரக்குக்கு ரெண்டு ஊர்க் கணக்குப் புத்தகத்திலும் பத்தி இல்லை.

டினோர்விக்கைக் கட்டியது அரசின் மத்திய மின்உற்பத்தி வாரியம். அவங்க கையில் அணுமின் நிலையமும் இருந்தது, நிலக்கரியும் இருந்தது, உயர் மின்னழுத்த ஒயரும் இருந்தது. ராத்திரியில் அணுமின் நிலையம் சும்மா கக்குகிற மின்சாரத்தை மலைமேல் ஏற்றி வைத்தால் மொத்த வீட்டுக்கும் லாபம்னு ஒரே ஆள் கூட்டிக் கழித்துப் பார்க்க முடிஞ்சது. 1990-ல் தனியார்மயம் வந்து அந்த வாரியத்தைப் பிரிச்சாங்க. பங்காளிகள் சொத்துப் பிரிச்ச வீடு மாதிரி ஆயிருச்சு. மாடித் தொட்டி ஒருத்தருக்கு, மோட்டார் ஒருத்தருக்கு, குழாய் ஒருத்தருக்கு. சந்தை ஒவ்வொரு அரைமணிக்கும் விலை போடும். நீங்க 10 பென்ஸுக்கு வாங்கி ஏற்றினா, நாலுக்கு மூணு கணக்கில், 13.3 பென்ஸுக்கு மேல் விற்றால்தான் ஒரு பென்னி லாபம். அந்த வித்தியாசம் இன்னும் பத்து வருஷம் கழிச்சு எவ்வளவு இருக்கும்னு எந்த வங்கிக்காரருக்கும் தெரியாது. சுரங்கம் குடையவோ ஏழெட்டு வருஷம், பில்லியன் கணக்கில் பணம். யார் கடன் கொடுப்பாங்க? எரிவாயு நிலையம்னா ரெண்டு மூணு வருஷத்தில் கட்டி ஓட்டிடலாம். 90-களில் எல்லோரும் அதைத்தான் செய்தாங்க.

இதைப் படிச்சதும் "பாத்தீங்களா, தனியார்மயம்தான் காரணம்"னு சில பேர் எழுதுவீங்க. பொறுங்க. தமிழ்நாட்டில் தனியார்மயம் இல்லை. மின்வாரியம் அரசு கையில்தான் இருந்தது, 2010-ல் பிரிச்ச பிறகும் அரசு நிறுவனங்கள்தான். அங்கேயும் கட்டலையே? அங்கே கதை வேற. நாள் முழுக்கப் பற்றாக்குறை இருந்தா ராத்திரியில் ஏற்ற மின்சாரம் எங்கிருந்து மிஞ்சும்? மேல்தொட்டி இருந்து என்ன, கிணற்றில் தண்ணி வேணுமே. அதோடு வாரியத்தின் கடன். இன்னைக்குச் சம்பளத்துக்கும் நிலக்கரிக்கும் அலைகிறவர் பத்து வருஷத்துக்கு அப்புறம் பலன் தருகிற சுரங்கத்தில் எப்படிப் பணம் போடுவார்? ஒரு ஊரில் சந்தை, இன்னொரு ஊரில் வாரியம். ரெண்டிலும் கடைசியில் கிடைச்சது அதே காலி மலை.

இப்போ ரெண்டு இடத்திலும் நிலைமை மாறியிருக்கு, அதனால்தான் இதை இப்போ எழுதறேன். தமிழ்நாட்டில் 2024 கோடையில் உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. பகலில் சூரிய மின்சாரம் கொட்டுது. ஆறரை மணிக்கு வெயில் போனதும் எல்லா வீட்டிலும் விளக்கும் ஏசியும். மத்தியானம் ஏற்றி, சாயங்காலம் இறக்க ஒரு மேல்தொட்டிக்கு இதை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. பிரிட்டனிலோ காற்று பலமா அடிக்கிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் மொத்த விலை பூஜ்யத்துக்குக் கீழே போகுது. அரைமணிக்கு ஒரு விலை போடுகிற டாரிஃபில் இருக்கிறவங்க போனில் மைனஸ் விலை பார்த்திருப்பீங்க. துணி துவைச்சா நமக்குக் காசு!

"அதான் லித்தியம் பேட்டரி இருக்கே"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். நொடிக்கணக்கு வேலையில் பேட்டரி டினோர்விக்கை ஜெயிச்சாச்சு. 12 நொடி என்ன, ஒரு நொடிக்குள்ளேயே பதில் சொல்லும். 9 ஆகஸ்ட் 2019 ஞாபகம் இருக்கா? ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், மின்னல் அடிச்ச அடுத்த நொடிகளில் ஹார்ன்சீ காற்றாலைப் பண்ணையும் லிட்டில் பார்ஃபர்ட் எரிவாயு நிலையமும் கிட்டத்தட்ட ஒண்ணாவே விழுந்தன. 50-ல் இருக்க வேண்டிய அதிர்வெண் 48.8 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது. பத்து லட்சத்துக்கு மேல் இணைப்புகள் இருட்டு. மின்சாரம் முக்கால் மணிக்குள் வந்துடுச்சு, ஆனா லண்டனைச் சுற்றி ரயில்கள் ராத்திரி வரைக்கும் நின்னன. கிங்ஸ் கிராஸில் நம்ம ஆட்கள் எத்தனை பேர் மாட்டிக்கிட்டாங்கன்னு அப்போ வாட்ஸப்பில் பார்த்தோமே. அந்த மாதிரி நொடிப் பொழுதுக்கு பேட்டரி போதும், பேட்டரிதான் சரி.

ஆனா ஜனவரியில் மேகமும் பனியும் மூடி, காற்று ரெண்டு நாள் அசையாம நிற்குமே, அதுக்கு? அப்போ வேண்டியது நொடியோ ஒரு மணி நேரமோ இல்லை. எட்டு மணி, பத்து மணி, ஒரு நாள். ஸ்காட்லாந்தில் லாக் லாக்கி ஏரிக்கு மேலே திட்டமிட்டிருக்கிற காய்ர் கிளாஸ் 30 கிகாவாட்-மணி. இப்போ இருக்கிற நாலு நிலையத்தையும் கூட்டினாலும் அந்த அளவுக்கு வராது. கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க ஓடும். பேட்டரிக்கு ஆயுள் பதினைந்து, இருபது வருஷம். ஃபெஸ்டினியாக் அறுபதைத் தாண்டி ஓடிக்கிட்டிருக்கு. நம்ம தாத்தா காலத்தில் கட்டினது, நம்ம பேரன் காலத்திலும் ஓடலாம். வட்டிக் கணக்கில் இருபது வருஷத்துக்கு அப்புறம் வருகிற வருமானம் சுருங்கிச் சுருங்கிக் காணாமப் போயிடும். வங்கிக்கு அது சரி. ஒரு நாட்டுக்கு அது சரியில்லை.

நார்வேயை நம்பலாமான்னும் கேட்கலாம். ஏற்கெனவே நம்பிக்கிட்டுத்தான் இருக்கோம். 2021 அக்டோபரிலிருந்து வட கடலுக்கு அடியில் 720 கிலோமீட்டர் கேபிள், பிளைத்திலிருந்து நார்வேயின் க்வில்தால் வரைக்கும், 1,400 மெகாவாட். க்வில்தாலுக்கு மேலே இருக்கிற பிளோஷ்ய நீர்த்தேக்கத்தில் 7.8 டெராவாட்-மணி அடங்கும். டினோர்விக் மாதிரி எண்ணூத்துச் சொச்சம் மலை! இங்கே காற்று அடிச்சா நம்ம மின்சாரம் அங்கே போகும், அவங்க தண்ணீரைத் திறக்காம வெச்சிருப்பாங்க. இங்கே காற்று நின்னா அவங்க திறப்பாங்க. பம்ப் பண்ணாமலே ஒரு மேல்தொட்டி. ஆனா தெற்கு நார்வேயில் மின்கட்டணம் ஏறினதும் "எங்க தண்ணீரை ஏன் வெளியூருக்கு விக்கிறீங்க"ன்னு ஜனங்க கேட்க ஆரம்பிச்சாங்க. ஸ்காட்லாந்துக்கு இன்னொரு கேபிள் போடும் திட்டத்தை 2023-ல் நார்வே அரசு நிராகரிச்சது. முல்லைப் பெரியாறு பார்த்த நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. தண்ணீர் யார் பக்கம் நிற்குதோ, கடைசிச் சொல் அவங்களோடது.

பிரிட்டிஷ் அரசு 2024 அக்டோபரில் ஒரு வழி அறிவிச்சது. நீண்ட நேரச் சேமிப்பு நிலையங்களுக்கு வருமானத்தில் ஒரு தரை, ஒரு கூரை. வருமானம் தரைக்குக் கீழே போனா மின்நுகர்வோர் பணத்திலிருந்து நிரப்புவாங்க. கூரைக்கு மேலே போனா மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கணும். நார்வே கேபிளைக் கட்டினதும் இதே ஏற்பாட்டில்தான். குறைஞ்சது எட்டு மணி நேரம் தாங்கணும்னு ஆஃப்ஜெம் விதி வெச்சு 2025-ல் விண்ணப்பம் வாங்கத் தொடங்கியது. நான் இதை ஆதரிக்கிறேன். பில்லில் சில பவுண்ட் கூடும்னு தெரிஞ்சுதான் சொல்றேன். ஏன்னா இப்போவும் அந்தப் பவுண்டைக் கொடுத்துக்கிட்டுத்தான் இருக்கோம், காற்றாலையை நிறுத்துறதுக்கு. ஒரே குறை, எட்டு மணி பேட்டரியையும் அறுபது வருஷ மலையையும் ஒரே தராசில் வைக்கும்போது ஆயுளுக்கு எவ்வளவு எடை கொடுக்கிறாங்கன்னு பார்க்கணும். அந்த எடையில்தான் இந்த நாட்டில் அடுத்த டினோர்விக் வருமா வராதான்னு தீரும்.

தமிழ்நாட்டுக்கும் இந்த மாதிரி ஒரு பத்தி வேணும். யூனிட்டுக்கு இவ்வளவுன்னு விலை போடுகிற ஒழுங்குமுறை ஆணையம், மத்தியானத்திலிருந்து சாயங்காலத்துக்கு மாற்றிக் கொடுப்பதற்கு இவ்வளவுன்னு தனியா விலை போடணும். சீனா ஃபெங்னிங்கில் 3,600 மெகாவாட்டைக் கட்டி முடிச்சாச்சு. நாம குந்தாவின் 500-ஐயே முடிக்கலை.

ஒரு விஷயத்தை மறைக்காம சொல்லணும். 'பசுமை'ன்னு சீல் குத்தினா மட்டும் மலை நம்முடையது ஆகிடாது. நீலகிரியில் சில்லஹல்லாவில் 1,000 மெகாவாட்னு திட்டம் போட்டிருக்காங்க. அங்கே விவசாயிகளும் ஊர்க்காரங்களும் எதிர்க்கிறாங்க. அவங்களை வளர்ச்சிக்கு எதிரின்னு சொல்றவங்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. குந்தா மாதிரி ஏற்கெனவே இருக்கிற ரெண்டு ஏரியை இணைப்பது வேற, புதுசாப் பள்ளத்தாக்கை நிரப்புவது வேற. முதல் வகை தீரும் வரைக்கும் ரெண்டாவதைத் தொடாதீங்கன்னுதான் நான் சொல்வேன்.

இலங்கையிலிருந்து வந்த நண்பர்களுக்கு இது இன்னும் நல்லாத் தெரியும். அந்த நாடு கிட்டத்தட்ட முழுசா நீர்மின்சாரத்தில் ஓடிய காலம் உண்டு. 1996-ல் மழை பொய்த்ததும் நாடு இருட்டில் கிடந்தது. அந்த மின்சாரம் பெரும்பாலும் மலையகத் தண்ணீர். மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் பழைய மஸ்கெலியா இருக்கு. வறட்சியில் தண்ணீர் இறங்கினா பழைய கோயில் வெளியே தெரியும். 2012-ல் தலவாக்கலையில் மேல் கொத்மலை 150 மெகாவாட்டோடு வந்தபோது தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் இடம் மாற வேண்டியிருந்தது. லயத்துக்கு மேலே ஒயர் போகும், லயத்துக்குள்ளே வெளிச்சம் வர வருஷங்கள் ஆகும். இது மலையகத்தில் ரொம்பக் காலம் நடந்த கதை.

இதுக்கும் நார்வே ஒரு வழி வெச்சிருக்கு, நூறு வருஷத்துக்கு மேலே. எந்த ஊர் எல்லையில் அணை கட்டுறாங்களோ, அந்த ஊராட்சிக்கு உற்பத்தியில் பத்து சதவீதம் வரைக்கும் அடக்க விலைக்கே கொடுக்கணும். நன்கொடை இல்லை, சட்டம். அதனால் அங்கே மலை கிராமங்களில் நல்ல பள்ளிக்கூடமும் நீச்சல் குளமும் இருக்கு. காய்ர் கிளாஸுக்கும் குந்தாவுக்கும் இதே விதி இருந்தா எவ்வளவு ஆகும்னு தோராயமா ஒரு கணக்குப் போட்டுக்கிட்டிருக்கேன். நீரேற்று நிலையம் மொத்தத்தில் மின்சாரத்தைத் தின்கிற ஆள், கொடுக்கிற ஆள் இல்லை. அதனால் யூனிட்டில் பங்கு கொடுக்க முடியாது. மாற்றிக் கொடுத்த மணிக்கணக்கில்தான் பங்கு வைக்கணும். அதை எப்படி எழுதலாம்னு அடுத்த எபிசோடில் பேசறோம்.

அதுக்கு ஒரு உதவி. காடம்பாறையிலோ குந்தாவிலோ லக்சபானாவிலோ வேலை பார்த்தவங்க, இல்லைன்னா அங்கே வேலை பார்த்த அப்பா, பெரியப்பா, மாமா யாராவது உங்க வீட்டில் இருந்தா, இந்த மடலுக்கே பதில் போடுங்க. காடம்பாறையில் உண்மையில் வருஷத்துக்கு எத்தனை நாள் தண்ணீரை மேலே ஏற்றினாங்க, எத்தனை நாள் மழைத் தண்ணியை இறக்கி மட்டும் ஓட்டினாங்கன்னு அங்கே ஷிஃப்ட் பார்த்த ஒருத்தர் வாயால் கேட்கணும்னு ரொம்ப ஆசை.